தலைமை மருத்துவர் சகோதரி மரணம்

அந்த நாளிதழ் அலுவலகத்தின் பின்பக்கத்தில், அச்சுக்கூடத்துக்கும் சைக்கிள் கொட்டகைக்கும் நடுவே நீளமான ஓர் அறை இருக்கிறது. ஆறு மாத இதழ்களை ஒன்றாகக் கட்டிய தொகுதிகள் சுவரை மறைத்து நிற்கும். அறையின் நடுவில் எழுபத்திரண்டு இரும்பு இழுப்பறைகள். அவற்றில் உள்ள அட்டைகளைப் பார்த்தால், எந்தச் செய்தி எந்தத் தேதியில், எந்தப் பக்கத்தில், எந்தப் பத்தியில் வந்தது என்று தெரிந்துவிடும். அட்டைகள் அத்தனையும் ஒரே கையெழுத்து.

அந்தக் கையெழுத்துக்காரரை எல்லோரும் அட்டையக்கா என்பார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்த நிர்வாகியும் அப்படித்தான் கூப்பிடுவார். அட்டைக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதை அலுவலகத்தில் யாரும் மறந்ததில்லை. ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் உப்பு வைத்தாலும் விடமாட்டார் என்று பிழைதிருத்துபவர் நேருக்கு நேராகவே சொல்வார். அக்கா சிரித்துக்கொள்வார். ஆனால் விடமாட்டார்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருபத்து மூன்று வயதில் விளம்பரம் வெட்டி ஒட்டும் வேலைக்கு வந்தவர். ஒருநாள் ஆசிரியர் ஒரு பழைய செய்தியைக் கேட்டு, மூன்று பேர் இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் விளம்பரத் தாளின் வெற்றுப் பக்கங்களை அட்டையாக வெட்டிக்கொண்டு, முதல் இதழிலிருந்து எழுதத் தொடங்கினார். எப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. தவறு செய்து, எரிச்சலுற்று, மாற்றி எழுதி அவரே ஒரு முறையைக் கண்டுபிடித்தார். அந்த முறைக்கு ஒரே சட்டம்தான்: தாளில் இருப்பதை மட்டும் எழுது, நீ நினைப்பதை எழுதாதே. முப்பத்தோரு ஆண்டுகளாக அந்தச் சட்டத்தை மீறியதில்லை என்றே அவர் நம்பியிருந்தார்.

அந்த நம்பிக்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு உடைந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண், தோளில் துணிப்பையும் கழுத்தில் அளவு நாடாவுமாக வந்து நின்றார். தையற்கடையிலிருந்து நேராக வந்ததில் நாடாவைக் கழற்ற மறந்திருந்தார்.

"அட்டையக்கா நீங்கதானா? உங்களைவிட நான் மூத்தவ. இருந்தாலும் வாசல்ல அப்படித்தான் கேக்கச் சொன்னாங்க."

"பரவாயில்லை, உக்காருங்க. எந்தத் தேதி பேப்பர் வேணும்?"

"பேப்பர் அப்புறம். முதல்ல நீங்க எழுதின அட்டையைப் பாக்கணும். அதனாலதான் எங்க அம்மா பேரை எடுத்துட்டாங்க."

அக்கா பேனாவை மூடி வைத்தார்.

தையல்காரம்மா சொன்னது இது. ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் ஊரில் ஒரு விஷக்காய்ச்சல் பரவியது. பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்களிலேயே சிலர் அதே காய்ச்சலில் இறந்தார்கள். அவர்களுடைய பெயர்களைக் கல்லில் வெட்டி வாசலில் வைக்க இப்போது ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியின் பழைய பதிவேடுகள் ஒரு வெள்ளத்தில் போய்விட்டதால், நாளிதழை வைத்துப் பட்டியல் போட்டார்கள். ஆறு பேர் தேறினார்கள். தையல்காரம்மாவின் தாயும் அங்கே நர்ஸ்தான். மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது காய்ச்சல் வார்டிலேயே இறந்தவர். ஆனால் அவர் பெயர் பட்டியலில் இல்லை.

"நர்ஸ் படிச்சு முடிச்ச சான்றிதழ் இருக்கு. இறந்த பதிவும் இருக்கு. அதுல தேதி இருக்கு, காய்ச்சல் வார்டுன்னு இருக்கு. தொழில்னு இருக்கிற கட்டத்துல மட்டும் ஒண்ணும் எழுதாம விட்டுட்டாங்க. நர்ஸ் யாராவது செத்திருந்தா பேப்பர்ல வந்திருக்கும், வரலை, அதனால உங்கம்மா நோயாளியா வந்து செத்திருப்பாங்கன்னு செயலாளர் சொல்றாரு. அந்தத் தேதிக்குப் பேப்பர்ல ஒரே ஒரு பொம்பளை சாவுதான் இருக்காம். அது டாக்டரோட கூடப் பொறந்தவளாம். அட்டையில அப்படித்தான் போட்டிருக்காம்."

அக்கா எழுந்து இழுப்பறையைத் திறந்தார். அட்டை உடனே கிடைத்தது. "தலைமை மருத்துவரின் சகோதரி மரணம். மூன்றாம் பக்கம், நான்காம் பத்தி." வலது மூலையில் தலைப்புச் சொல்: "உறவினர்."

பிறகு அந்த ஆண்டின் தொகுதியை இறக்கி, அந்தப் பக்கத்தைப் புரட்டினார். செய்தி ஐந்தே வரி.

"தலைமை மருத்துவர் சகோதரி மரணம். காய்ச்சல் விடுதியில் இரவு பகலாக இருந்துவந்த தலைமை மருத்துவர் சகோதரி நேற்று அதே காய்ச்சலால் காலமானார். இச்சகோதரிக்கு ஒரு பெண் குழந்தை உண்டு."

அக்கா மூன்று முறை படித்தார். தாளில் "மருத்துவர் சகோதரி" என்று இருந்தது. அட்டையில் "மருத்துவரின் சகோதரி" என்று இருந்தது. அந்த "இன்" தாளில் இல்லை. அது அவருடையது. "உறவினர்" என்ற சொல்லும் அவருடையதுதான். வேலைக்கு வந்த முதல் ஆண்டில் எழுதிய அட்டை அது.

"உங்கம்மாவை ஆஸ்பத்திரியில எப்படிக் கூப்பிடுவாங்க?"

"பெரிய டாக்டர் சிஸ்டர்னு. நிறைய சிஸ்டருங்க இருந்தாங்கல்ல, யார் எந்த டாக்டர் வார்டுன்னு தெரியறதுக்காக. கண் டாக்டர் சிஸ்டர், பெரிய டாக்டர் சிஸ்டர் அப்படின்னு. எங்கப்பா சாகற வரைக்கும் அப்படித்தான் சொல்லுவாரு. ‘பெரிய டாக்டர் சிஸ்டர் பெத்த பொண்ணு இப்படிக் கோணலாத் தைக்கலாமா’ன்னு."

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. "கல்லு எப்ப வெட்டறாங்க?"

"அடுத்த வெள்ளிக்கிழமை பட்டியல் கல்தச்சர்கிட்ட போகுது. இன்னும் பத்து நாள். கல்லுல ஏறிட்டா அப்புறம் யார் அழிக்கப்போறாங்க?"

அவர் போனதும் அக்கா குழுவின் செயலாளருக்குத் தொலைபேசியில் பேசினார்.

"அந்த அட்டை தப்பு. நான் ஒரு எழுத்தைச் சேர்த்துட்டேன்."

"அம்மா, போன மாசம் நான் வந்தப்போ நீங்கதான் சொன்னீங்க, என் அட்டையை நம்பி எழுதலாம்னு."

"சொன்னேன்."

"இப்ப நம்பாதீங்கன்னு சொல்றீங்க. அப்ப எதைத்தான் நம்பறது? ‘இன்’ இல்லாட்டியும் அது டாக்டரோட சகோதரின்னுதானே அர்த்தம்? ‘டாக்டர் வீடு’ன்னா டாக்டரோட வீடுதானே?"

அவர் சொல்வதும் சரிதான். தமிழ் அப்படித்தான். "தப்புன்னு தோணுது"க்கு மேல் கையில் ஏதாவது வேண்டும்.

"அடுத்த வாரம் வியாழக்கிழமை கூட்டம் இருக்கு. அதுக்குள்ள ஆதாரம் இருந்தா கொண்டாங்க" என்று சொல்லிச் செயலாளர் வைத்துவிட்டார்.

அன்று மாலை நிர்வாகி அறைக்குள் எட்டிப் பார்த்தார். செய்தி அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"எதுக்கும்மா வம்பு? ஒரு அட்டை தப்புன்னு நீயே போய்ச் சொன்னா, மிச்ச அட்டை எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க. கோர்ட்டுல இருந்தெல்லாம் இதைக் கேட்டு வராங்க, தெரியும்ல?"

"சந்தேகப்படட்டும் சார். சந்தேகப்பட்டாத்தான் தாளைப் பாப்பாங்க."

"நல்லா பேசற. கடைசியில என் தலையில விடியும்" என்றபடி அவர் போனார். தடுக்கவில்லை. அதை அனுமதியாக அக்கா எடுத்துக்கொண்டார்.

செய்ய வேண்டிய வேலை தெளிவாக இருந்தது. அந்த ஆண்டுக்கு இரண்டாண்டு முன்னும் இரண்டாண்டு பின்னும் வந்த இதழ்களில் "சகோதரி" என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது, ஒவ்வோர் இடத்திலும் என்ன பொருளில் வருகிறது என்று பார்க்க வேண்டும். அட்டைகளை நம்பிப் பயனில்லை. அந்தக் காலத்துச் சிறு செய்திகளுக்கு அவர் அட்டையே போட்டிருக்கவில்லை. தாள் தாளாகப் படிக்க வேண்டும். ஐந்தாண்டு என்றால் பத்துத் தொகுதி. ஒரு நாளைக்கு ஒரு தொகுதிக்கு மேல் கண் தாங்காது. நாளோ ஒன்பதுதான் இருந்தது.

பிழைதிருத்துபவர் மதிய இடைவேளையில் வந்து எதிரில் உட்கார்ந்து, தாமும் ஒரு தொகுதியை இழுத்துக்கொண்டார். "சும்மா உக்காந்தா தூக்கம் வருது" என்றார். அதன்பின் தினமும் வந்தார்.

சகோதரிகள் வரிசையாக வந்தார்கள். பொதுக்கூட்டச் செய்திகளில் "சகோதரர்களே, சகோதரிகளே" என்று பன்மையில் வந்தார்கள். பள்ளி நடத்திய கன்னியர் பெயருக்கு முன்னால் வந்தார்கள். வாசகர் பக்கத்தில், பெயரை வெளியிட விரும்பாத பெண் யாராயிருந்தாலும் "ஒரு சகோதரி எழுதுகிறார்" என்றே போட்டிருந்தார்கள். துறைமுகச் செய்தியில் ஒரே மாதிரி கட்டிய இரண்டு கப்பல்களில் ஒன்று மற்றொன்றுக்குச் சகோதரியாக இருந்தது. ஒரு நாள் முதல் பக்கத்தில் கறுப்புக் கோட்டுக்குள், "நமது அன்புச் சகோதரி நேற்றோடு மறைந்தாள்" என்று இருந்தது.

"ஐயோ பாவம், யாரு?" என்றார் பிழைதிருத்துபவர்.

"வாரப் பத்திரிகை. இதே அச்சுக்கூடத்துல அடிச்சாங்க. நின்னுபோச்சு."

"அதுக்கு என்னன்னு அட்டை போட்டிருக்கீங்க?"

அக்கா தயங்கினார். "மரணம்னு போட்டிருந்தேன். அஞ்சு வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்சு மாத்தினேன்."

பிழைதிருத்துபவர் அன்றைக்கு முழுக்கச் சிரித்தார்.

நான்காம் நாள் காலை, வீட்டில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது அவருடைய கணவர் கேட்டார். அவர் பேருந்து ஓட்டுநர். காலையில் பேச அவருக்குக் கிடைப்பது பத்து நிமிடம்தான்.

"இதுவரைக்கும் எத்தனை சகோதரி சேந்தாங்க?"

"நூத்திப் பதினாறு. அதுல கூடப் பொறந்தவங்க இருபத்தஞ்சு."

"எனக்கு ஒண்ணு புரியலை. நம்மள்ல எவன் ‘சகோதரி’ன்னு சொல்லுவான்? அக்கான்னு சொல்லுவான், இல்ல தங்கச்சின்னு சொல்லுவான். எங்க அக்காவைப் போய் யாராவது சகோதரின்னு சொல்லட்டும், ‘ஏண்டா, நான் மூத்தவன்னு சொல்ல உனக்கு வாய் வலிக்குதா’ன்னு அடிக்க வருவா."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "இருங்க, இன்னொரு தடவை சொல்லுங்க."

"அடிக்க வருவான்னேன்."

"அது இல்லை, அதுக்கு முன்னாடி."

அன்று அலுவலகம் போனதும் பழைய குறிப்புகளை எடுத்து வேறொரு கோடு போட்டார். உடன்பிறந்தவர் என்ற பொருளில் வந்த இடங்களில், தலைப்பில் "சகோதரி" என்று இருந்தாலும் செய்திக்குள் மூத்தவரா இளையவரா என்று சொல்லியிருக்கிறதா? ஜவுளி வியாபாரி சகோதரி கிணற்றில் விழுந்து மீட்கப்பட்டார். உள்ளே "அவருடைய தங்கை". நாடக நடிகர் சகோதரி திருமணம். உள்ளே "அவர் தமக்கை". கடைசித் தொகுதிவரை பார்த்து முடித்தபோது உடன்பிறந்தவர் நாற்பத்தொரு இடங்களில் வந்திருந்தார்கள். முப்பத்தெட்டு இடங்களில் தங்கையா தமக்கையா என்று செய்தியாளர் எழுதியிருந்தார். உறவுக்காரர்கள் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், அவரும் அப்படியே எழுதியிருப்பார். மூன்று இடங்களில் மட்டும் வெறும் சகோதரி. காய்ச்சல் செய்தியிலும் வெறும் சகோதரி.

"அந்த மூணையும் எழுதணுமா?" என்றார் பிழைதிருத்துபவர். "விட்டுட்டா யாருக்குத் தெரியும்?"

"ஒரு எழுத்தைச் சேர்த்ததுக்கே இந்தப் பாடு. மூணு செய்தியை எடுத்துட்டா என்ன ஆகும்?"

குழுவுக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அவர் மூன்றையும் எழுதினார்.

ஏழாம் நாள் பிழைதிருத்துபவர் தமது தொகுதியிலிருந்து தலையைத் தூக்கி, மிகுந்த மரியாதையோடு படித்தார்: "‘அறுவை மருத்துவர் சகோதரிகள் பதினால்வர் இடமாற்றம்.’ பதினாலு தங்கச்சியா? அந்த அப்பன் எப்படித்தான் கரையேத்தினானோ."

அக்கா எழுந்து அவர் பக்கம் வந்துவிட்டார். தேதியைப் பார்த்தார். காய்ச்சலுக்கு ஐந்து மாதம் முந்திய இதழ். அதே மாதத்தில் "இரவுச் சகோதரி" என்று ஒரு செய்தி. அடுத்த மாதம் "தலைமைச் சகோதரி ஓய்வு பெற்றார்".

அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று இப்போது புரிந்தது. யாரோ ஓர் உதவி ஆசிரியர் ஆங்கிலச் சொல் எதுவும் தாளில் வரக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரி மருத்துவமனையானது, வார்டு விடுதியானது, டாக்டர் மருத்துவரானார். அதே வீச்சில் சிஸ்டரும் சகோதரியாகிவிட்டார். செய்தியாளர் கேட்டு எழுதிவந்தது "பெரிய டாக்டர் சிஸ்டர்". அவர் கை பட்டதும் அது "தலைமை மருத்துவர் சகோதரி". தமிழ் சுத்தமாகிவிட்டது, ஒரு நர்ஸ் காணாமல் போய்விட்டார்.

அது எவ்வளவு காலம் நீடித்தது என்பதைக் கூட்டத்துக்கு முந்தின நாள், காய்ச்சலுக்கு ஏழு மாதம் பின்னால் வந்த ஒரு வாசகர் கடிதம் சொன்னது. கடிதங்களுக்கு அக்கா அட்டை போட்டதே இல்லை.

"தங்கள் இதழில் நாள்தோறும் இரவுச் சகோதரி, கண் மருத்துவர் சகோதரி என்று படித்து மனம் குழம்புகிறேன். இரவில் சகோதரியாக இருப்பவர் பகலில் உறவை முறித்துக்கொள்கிறாரா? மருத்துவமனையில் பணிபுரிகிற பெண்ணைக் குறிக்கவே இச்சொல் என்று ஒரு நண்பர் விளக்கினார். அங்ஙனமாயின் அதைச் சொல்லிவிடுவதில் தங்களுக்கு என்ன தடை?"

கீழே ஆசிரியர் குறிப்பு ஒரு வரி: "இனி செவிலி என்றே எழுதுவோம்."

வியாழக்கிழமை கூட்டம் ஆஸ்பத்திரியின் நிர்வாகக் கட்டடத்தில் நடந்தது. நீள மேசை. தலைவர் ஓய்வுபெற்ற டாக்டர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பவர். பக்கத்தில் செயலாளர். எதிரில் அக்காவும் தையல்காரம்மாவும். மேசைமேல் இரண்டு தொகுதிகளை அக்காவே பிழைதிருத்துபவரின் உதவியோடு கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

தலைவர் அறிக்கையைப் பொறுமையாகப் படித்தார். படித்தபின் முதல் பக்கத்துக்கே திரும்பினார்.

"மூணு இடத்துல கூடப் பொறந்தவளையே வெறும் சகோதரின்னு போட்டிருக்காங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"அப்ப இது நாலாவதா இருக்கலாமில்ல?"

"இருக்கலாம். அந்தச் செய்தியை மட்டும் தனியா பாத்தா இருக்கலாம். ஆனா அந்தப் பன்னெண்டு மாசத்துல, மருத்துவர் பேருக்குப் பக்கத்துல சகோதரி வந்த இடம் ஒன்பது. இதை விட்டா எட்டு. எட்டுலயும் நர்ஸ்தான். அதுல ஒரு டாக்டருக்குப் பதினாலு சகோதரி. தொகுதி இங்கேயே இருக்கு, குறி வெச்சிருக்கேன், நீங்களே பாருங்க."

தலைவர் பார்த்தார். பதினான்கு சகோதரிகளில் அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஆசிரியர் குறிப்பின்மேல் விரலை வைத்தபடியே கேட்டார்.

"உங்க அட்டையில ‘உறவினர்’னு இருக்கே. அது யார் எழுதினது?"

"நான்தான்."

"எதை வெச்சு?"

"எதையும் வெச்சு இல்லை. சகோதரின்னா கூடப் பொறந்தவதான்னு நெனச்சேன். நெனச்சதை எழுதிட்டேன்."

"தப்புன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீங்களா? இந்தக் கோப்புல நிரந்தரமா இருக்கும்."

அக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். முந்தின நாளே எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார். தலைவர் அதைப் படித்துவிட்டுச் செயலாளர் பக்கம் தள்ளினார்.

பிறகு தையல்காரம்மாவின் சான்றிதழையும் இறந்த பதிவையும் வாங்கி, செய்தியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தேதி ஒன்றுதான். வார்டும் ஒன்றுதான். செய்தியில் இருந்த பெண் குழந்தை எதிரில் உட்கார்ந்து, கைக்குட்டையை நான்காக மடித்துப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தது.

"சேர்த்துடலாம்" என்றார் தலைவர். "உங்களைப் போன மாசம் திருப்பி அனுப்பினதுக்கு வருத்தப்படறோம்மா."

தையல்காரம்மா தலையை மட்டும் அசைத்தார்.

செயலாளர் பட்டியலை எடுத்து ஏழாவது இலக்கத்தைப் போட்டார். மற்ற ஆறு பேருக்கும் பெயருக்கு முன்னால் பதவி இருந்தது. "இவங்களுக்கு என்ன போடறது? செவிலியர்னா? இல்ல அன்னிக்குப் பேப்பர்ல வந்த மாதிரி சகோதரின்னே போட்டுடலாமா? கேக்க மரியாதையா இருக்கு."

தலைவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "என்கிட்ட கேக்காதீங்க. ஒரு தடவை நான் முடிவு பண்ணினது போதும்" என்று சொல்லித் தையல்காரம்மாவைக் காட்டினார்.

தையல்காரம்மா கைக்குட்டையை மேசைமேல் வைத்தார். "சிஸ்டர்னு போடுங்க. எங்கம்மாவை அப்படித்தான் கூப்பிட்டாங்க. சகோதரின்னு வெட்டினா, இன்னும் அம்பது வருஷம் கழிச்சு யாராவது வந்து எந்த டாக்டரோடன்னு கேப்பாங்க. அப்ப நான் வந்து பதில் சொல்ல முடியாது."

"கல்லுல ஆங்கிலச் சொல்லு..." என்று செயலாளர் இழுத்தார்.

"டாக்டர்னு மூணு பேருக்குப் போட்டிருக்கோம், அது மட்டும் என்ன?" என்றார் தலைவர். "எழுதுங்க."

செயலாளர் எழுதினார். எழுதி முடித்துத் தாளை மடிக்கப் போனபோது அக்கா கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் குடுங்க. நேரா கல்தச்சர்கிட்ட போகுதுல்ல?"

வாங்கிப் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். சான்றிதழை எடுத்து ஒத்துப் பார்த்தார். பதவியையும் படித்தார். பிறகு தாளைத் திருப்பி வைத்து, விரலால் ஓரிடத்தைத் தொட்டார்.

"கடைசி ‘ர்’ல புள்ளி விட்டுப்போச்சு. வையுங்க."

செயலாளர் புள்ளி வைத்தார்.